ஆறு பேரும் கருவாட்டு மூட்டையும்: ட்ரைபரா, எர்டிகாவா, ஈகோவா?

உச்சிப்புளி தம்பி:

வணக்கம். உச்சிப்புளிக்குத் தெற்கே கடலோரத்தில் வீடு. ஆறு பேர் இருக்கிறோம். நான், மனைவி, எட்டாவதும் நாலாவதும் படிக்கிற பிள்ளைகள், அப்பா, அம்மா. தொழில் கருவாடு. பாம்பனிலும் மண்டபத்திலும் மீன் எடுத்து, உப்புப் போட்டுக் காயவைத்து, ராமநாதபுரம், பரமக்குடி கடைகளுக்குக் கொடுக்கிறோம். நெத்திலி, சூடை, கொஞ்சம் சீலா. மூட்டையெல்லாம் இப்போது பஸ்ஸிலும் ஆட்டோவிலும்தான் போகிறது.

அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. சிகிச்சைக்கு மதுரைக்கு அடிக்கடி போகவேண்டியிருக்கிறது. வாடகைக் காருக்குக் கொடுக்கிற காசில் தவணையே கட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான்.

ஒரே வண்டி. குடும்பமும் போகணும், சரக்கும் ஏறணும். எங்கள் தெரு குறுகல், வண்டி ரொம்ப நீளமாக இருந்தால் திருப்ப முடியாது. வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு விலை பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டக்கூடாது. ரெனோ ட்ரைபர், மாருதி எர்டிகா, மாருதி ஈகோ மூன்று வண்டியையும் பார்த்து வைத்திருக்கிறேன். எந்த ஷோரூமுக்குப் போனாலும் “ஏழு சீட்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஏழு பேர் உட்கார்ந்த பிறகு பை எங்கே போகும் என்று கேட்டால் நேரான பதில் இல்லை. ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா:

தம்பி, நான் எர்டிகா வைத்திருக்கிறேன். பை எங்கே போகும் என்று கேட்டீர்களே, அதிலிருந்தே தொடங்குவோம். எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் பின்னால் பை வைக்க 209 லிட்டர் இடம். நடுத்தரப் பெட்டி இரண்டு, மேலே ஒரு கைப்பை, அவ்வளவுதான். மூன்றாவது வரிசையை மடக்கினால் 550. ட்ரைபரில் ஏழு பேரும் உட்கார்ந்தால் மிஞ்சுவது 84 லிட்டர். பிள்ளைகளின் ஸ்கூல் பையை நிறுத்தி வைக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அதில் மூன்றாவது வரிசை சீட்டுகளைக் கழற்றி வெளியே எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் 625.

எர்டிகாவின் நீளம் 4,435 மி.மீ., ட்ரைபர் நான்கு மீட்டருக்குள். ஒன்றேகால் அடிக்கு மேல் வித்தியாசம். கீழக்கரைச் சந்துகளில் நான் ஓட்டுகிறேன், பழகிவிட்டது. உங்கள் தெருவை நீங்கள்தான் அளந்து பார்க்கணும்.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எர்டிகாவில் 1.5 லிட்டர், 103 குதிரைத்திறன். ட்ரைபரில் 1.0 லிட்டர், 72. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழி, கவலையில்லை. பரமக்குடி தாண்டி ராமநாதபுரம் வரைக்கும் இரண்டு வழிதான். நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. வேலை முடிகிறவரைக்கும் எதிரே பஸ் வரும்போது லாரியை முந்தியாக வேண்டும். ஆறு பேர், ஏசி, பின்னால் பை என்றால் அந்த நேரத்தில் எஞ்சினில் பலம் வேண்டும்.

சாயல்குடி முண்டு:

என் ஓட்டு ஈகோவுக்கு. நான் மிளகாய் வியாபாரி. நம் முண்டு மிளகாய் மூட்டை எவ்வளவு குண்டாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஈகோவில் பக்கக் கதவு தள்ளுகதவு, குறுகலான இடத்திலும் முழுசாகத் திறக்கும். தரை தட்டையாக இருக்கிறது, கூரை உயரம். நீளம் 3,675 மி.மீ. மட்டும்தான், உங்கள் தெருவில் அலட்சியமாகத் திரும்பும். ஓடவும் செலவு குறைவு, ரிப்பேரும் எந்த ஊரிலும் பார்ப்பார்கள். சரக்கு முக்கியம் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

தொண்டி டீச்சர்:

சாயல்குடி அண்ணன் சரக்குக்குச் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி கேட்பது அப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போகிற வண்டியும்தான். வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கிற குளோபல் என்கேப் சோதனையில் 2016இல் ஈகோவுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் காற்றுப்பைகள் கூட்டியிருக்கிறார்கள். ஆனாலும் நீண்ட தூரத்துக்குப் பிள்ளைகளை ஏற்ற என் மனசு கேட்காது.

ட்ரைபர் 2021இல் பெரியவர்களுக்கு நான்கு நட்சத்திரம், குழந்தைகளுக்கு மூன்று வாங்கியது. எர்டிகா 2024இல் ஒன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து நேராக ஒப்பிடக்கூடாது. இடையில் சோதனை முறை கடுமையாகிவிட்டது. சோதனை செய்த எர்டிகாவில் இரண்டு காற்றுப்பைதான் இருந்தது, இப்போது இரண்டு வண்டியிலும் ஆறு வருகிறது. எதை வாங்கினாலும் மூன்றாவது வரிசையில் உட்காருகிற பிள்ளைக்கு பெல்ட் போட்டே ஆகவேண்டும். சின்னப் பிள்ளை என்றால் பின் கண்ணாடிக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார வைக்காமல் நடு வரிசைக்குக் கொண்டுவாருங்கள்.

என்னிடம் இருப்பது ட்ரைபர். மூன்றாவது வரிசையில் இருப்பது இரண்டு தனித்தனி சீட். பட்டையை இழுத்து, சாய்வை மடக்கி, கொக்கியை விடுவித்தால் கையோடு வந்துவிடும். ஒரே ஆள் செய்யலாம். ஆனால் குனிந்து, வண்டிக்குள் பாதி உடம்பை விட்டுத் தூக்க வேண்டும். இடுப்பு வலி உள்ளவர்களுக்குச் சிரமம். கழற்றினதை வீட்டில் எங்கே வைப்பது என்பதையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். நாங்கள் பரண் மேல் பழைய போர்வை சுற்றி வைக்கிறோம். தரையில் போட்டால் எலி பஞ்சைப் பிடுங்கிவிடும்.

ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு ஒன்றை விட்டுவைக்கவும் முடியும். அப்போது ஆறு சீட், 320 லிட்டர். தம்பி வீட்டில் ஆறு பேர் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

மண்டபம் பட்டறை:

லிட்டர் கணக்கெல்லாம் சரி. நம் கரையில் வண்டியைத் தின்பது உப்பு. யாரும் அதைப் பேசவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடலுக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டிக்கு உப்பு இரண்டு பக்கமாக வரும். வெளியிலிருந்து வருவது எல்லோருக்கும் தெரியும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் கண்ணாடியைத் துடைத்தால் விரலில் பிசுபிசு என்று ஒட்டுமே, அதேதான் சக்கர வளைவுக்குள்ளும், சைலன்சர் மேலும், ஏசி கண்டன்சரின் மெல்லிய தகடுகளிலும் உட்காருகிறது. தனுஷ்கோடி போய்வந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் கடல், ரோட்டில் மணல், காற்றோடு சாரல். வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவணும். மேலே பளபளப்பாகத் துடைத்துவிட்டு அடியில் விட்டுவிடுகிறார்கள். கதவின் அடி ஓரத்தில் சின்னச் சின்ன வடிகால் ஓட்டை இருக்கும். மணல் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று, கதவு உள்ளிருந்து அரிக்கும். ஒரு ஈர்க்குச்சி போதும் குத்திவிட. துருத் தடுப்புப் பூச்சு அடிக்கிறவர்கள் இந்த ஓட்டையையும் சேர்த்து அடைத்துவிடுவதுண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள்.

உள்ளிருந்து வருகிற உப்புதான் தம்பியின் தொழிலுக்கு முக்கியம். கருவாடு நன்றாகக் காய்ந்திருந்தாலும் மூட்டையின் அடியில் ஈரம் கசியும். மழைக்காலத்தில் உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். அது கார்ப்பெட்டில் இறங்கி, அதற்குக் கீழே உள்ள பஞ்சுப் பட்டையில் ஊறி நிற்கும். மேலே தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கினால் தரைத்தகடு பழுப்பாக உப்பியிருக்கும். பட்டறைக்கு வருகிற பல வண்டிகளில் இதைப் பார்க்கிறேன், எல்லாக் கம்பெனி வண்டியிலும்.

மடக்குகிற சீட்டுக்கும் கழற்றுகிற சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். மடக்கினால் சீட் வண்டிக்குள்ளேயே கிடக்கிறது. அதன் முதுகு மேல்தான் மூட்டை உட்காரும். நாற்றம் துணிக்குள் போகும், மடக்குகிற கொக்கியில் உப்பு இறங்கும். கழற்றி வைத்துவிட்டால் சீட்டுக்கும் கருவாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கீழே விளிம்பு தூக்கிய ரப்பர் தட்டு ஒன்று போட்டு, வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவிக் காயவைத்தால் போதும். ரெக்சின் சீட் கவர் போட்டுக்கொள்ளுங்கள், துணி வேண்டாம். ஈகோ வாங்குகிறவர்கள் தள்ளுகதவின் கீழ்த் தண்டவாளத்தை அடிக்கடி துடைத்து கிரீஸ் தடவணும். மணலும் உப்பும் சேர்ந்தால் எந்தத் தள்ளுகதவும் இறுகிவிடும்.

பரமக்குடி கணக்கு:

விலையைப் பார்க்கிறவர்கள் வரியைச் சேர்த்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் 1,200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ட்ரைபரும் ஈகோவும் அதில் வரும். எர்டிகா நீளத்திலும் சிசியிலும் வெளியே போய்விடுகிறது, அதற்கு 40.

அடுத்தது தமிழ்நாட்டுச் சாலை வரி. 2023 நவம்பரிலிருந்து ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் 18. தாண்டுகிற இடத்தில்தான் அடி. 9.95 லட்சம் வண்டிக்கு வரி 1,29,350 ரூபாய். 10.05 லட்சம் வண்டிக்கு 1,80,900. விலையில் பத்தாயிரம் கூடினால் வரியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுகிறது. எர்டிகாவில் எந்த மாடல் எடுக்கலாம் என்று யோசிக்கும்போது இந்தக் கோட்டைப் பார்த்து எடுங்கள். “இன்னும் கொஞ்சம் போட்டால் மேல் மாடல்” என்பார்கள். அந்தக் கொஞ்சத்தோடு வரியும் ஏறும்.

தேவிபட்டினம் பாலன்:

கியா கேரன்ஸை யாரும் சொல்லவில்லையே. நடு வரிசை சீட் ஒரு பொத்தானை அமுக்கினால் தானாக மடங்கி வழி விடும், வயதானவர்களுக்கு வசதி. 4,540 மி.மீ. நீளம், மூன்று வரிசைக்குப் பின்னும் 216 லிட்டர்.

உச்சிப்புளி தம்பி:

பாலன் அண்ணே, கேரன்ஸ் நல்ல வண்டிதான். பட்ஜெட்டும் தாண்டுகிறது, எங்கள் தெருவும் தாங்காது.

நேற்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு ட்ரைபர், எர்டிகா இரண்டு ஷோரூமுக்கும் போனோம். ஒரு காலிச் சாக்கில் வைக்கோலைத் திணித்து, மூட்டை அளவுக்குக் கட்டி எடுத்துப்போனேன். அப்பா மூன்றாவது வரிசைக்குப் போக முயற்சிக்கவே இல்லை, “அது பிள்ளைகளுக்கு” என்று சொல்லிவிட்டார். நடு வரிசையில் இரண்டு வண்டியிலும் ஏறி இறங்கினார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: இடுப்பை முதலில் சீட்டில் வைத்து, அப்புறம் காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்கணும். சீட் ரொம்பத் தாழ்ந்தால் எழ முடியாது, ரொம்ப உயர்ந்தால் உட்கார முடியாது. இரண்டும் அவருக்குச் சரியாகவே இருந்தது. ட்ரைபரில் நடு வரிசையைப் பின்னால் தள்ளிவிட்டதும் கால் நீட்ட இடம் கிடைத்தது. ஆனால் அப்போது பின்னால் இருக்கிற பிள்ளைக்கு இடம் சுருங்கிவிட்டது. எர்டிகாவில் அந்த நெருக்கடி குறைவு. காக்கா சொன்னதுபோல அது பெரிய வண்டிதான்.

மூட்டை விஷயத்தில் ட்ரைபர் என்னை ஆச்சரியப்படுத்தியது. இரண்டு பின் சீட்டையும் எடுத்துவிட்டு வைத்துப் பார்த்தால் தாராளமாக நான்கு ஏறும்.

ராம்நாடு பாலிசி:

தம்பி, மூட்டை ஏற்றுவதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம். இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சொந்த உபயோகக் கார் பாலிசியில் “பயன்பாட்டு வரம்பு” என்று ஒரு பகுதி அச்சிட்டிருக்கும். வாடகைக்கு ஓட்டினால் செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே வரியில் சரக்கு ஏற்றுவதும் இருக்கிறது. மாதிரிப் பொருளும் சொந்தப் பயணப் பையும்தான் விலக்கு. உங்கள் சொந்தச் சரக்குத்தானே என்று நினைக்கக்கூடாது. கடைக்குப் போடுகிற கருவாட்டு மூட்டையோடு போய் விபத்து என்றால், கம்பெனி அந்த வரியைக் காட்டி நஷ்டஈட்டை மறுக்க இடமிருக்கிறது. தினசரி சரக்கு என்றால் சரக்கு வண்டியாகப் பதிவான வண்டி வேண்டும். ஈகோவிலேயே கார்கோ என்று இரண்டு சீட் வண்டி தனியாக வருகிறது. அதில் குடும்பம் போக முடியாது.

சாயல்குடி முண்டு:

பாலிசிக்காரர் சொல்வது சரி. நான் ஓட்டுவது அந்தக் கார்கோதான். குடும்பத்துக்கு வேறு வண்டி இருக்கிறது. தம்பிக்கு இரண்டும் ஒன்றில் வேண்டும் என்றதால் சாதாரண ஈகோவைச் சொன்னேன். சட்டப்படி மூட்டை ஏறாது என்றால் ஈகோவுக்கு உள்ள பலமே போய்விடுகிறது. அப்படியானால் பாதுகாப்பான வண்டியாகப் பாருங்கள். மூட்டைக்குக் குட்டியானை கூப்பிட்டுக்கொள்ளலாம். உங்கள் ஊரில் இன்னும் இரண்டு கருவாட்டுக்காரர்கள் இருந்தால் சேர்ந்து ஒரே நடையாகப் போடுங்கள், வாடகை பங்காகிவிடும்.

பாம்பன் வடக்கு:

குட்டியானை யோசனைக்கு என் ஆதரவு. பஸ்ஸில் ஏற்றி இறக்குகிற கூலியை விடக் கட்டுப்படியாகும், மூட்டையும் கடை வாசலிலேயே இறங்கும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், நம் தொழிலும் பாதியாகக் குறையும். அதே நேரம்தான் பள்ளிக்கூடம் லீவு, சொந்தக்காரர்கள் வருவார்கள், ராமேசுவரம், ஏர்வாடி, உத்தரகோசமங்கை என்று சுற்றுவோம். அந்த இரண்டு மாதம் சீட் எல்லாம் வேண்டும். மற்ற மாதங்களில் பின்னால் காலியாகத்தான் போகும். வருஷம் முழுக்க எத்தனை சீட்டில் ஆள் உட்காருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே தெளிவாகிவிடும்.

டயர் டியூப்லெஸ்ஸாக இருந்தாலும் பஞ்சர் கிட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உள் ரோட்டில் ஒதுங்கி நிறுத்தினால் சீமைக்கருவேல முள் நிச்சயம். பாம்பன் பாலத்தில் காற்று வேகமாக இருக்கிற நாளில் உயரமான வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், பக்கவாட்டில் தள்ளும்.

கீழக்கரை காக்கா:

மூட்டை குட்டியானைக்குப் போய்விட்டால் என் வாதம் இன்னும் பலமாகிறது, தம்பி. கழற்றுகிற சீட்டின் பெரிய லாபமே மூட்டைக்குத்தானே? இனி வண்டி ஆளுக்குத்தான். ஆளுக்கு எர்டிகா.

சிஎன்ஜி எடுக்கிறதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். கிலோவுக்கு 26.11 கி.மீ. என்று கம்பெனி சொல்கிறது, ஓட்டச் செலவு குறைவுதான். ஆனால் சிலிண்டர் பின்னால் பை வைக்கிற இடத்தில் உட்கார்ந்துவிடும். ஆறு பேரோடு மதுரைக்குப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது. பெட்ரோலே எடுங்கள்.

தொண்டி டீச்சர்:

காக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகிற குடும்பம் எதையெல்லாம் கொண்டுபோகும் என்று பாருங்கள். மாற்றுத்துணி, பாய், தலையணை, தண்ணீர் கேன், சாப்பாட்டுத் தூக்கு, பெரியவருக்கு வாக்கர். அட்மிட் ஆனால் ஒரு வாரம் இருக்க வேண்டும். ஆறு பேர் உட்கார்ந்த பிறகு எர்டிகாவில் பின் வரிசையில் பாதியை மடக்கலாம், மடக்கின சீட் மேல் பொருளை வைக்கணும். ட்ரைபரில் அந்த ஒரு சீட்டை வீட்டில் விட்டுவிட்டால் தரைவரைக்கும் இடம். வாக்கர் நின்றபடியே போகும். பின்னால் உட்காருகிற பிள்ளைக்குத் தனி ஏசி துவாரமும் இருக்கிறது. முந்துவதற்குப் பலம் குறைவு என்பது உண்மை. நாங்கள் பரமக்குடி தாண்டினதும் அவசரப்படுவதில்லை. முந்த இடம் இல்லையென்றால் பின்னாலேயே போவோம்.

உச்சிப்புளி தம்பி:

எல்லோருக்கும் நன்றி. பாலிசிக்காரர் எழுதினதைப் படித்ததும் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். மூட்டை இனிக் குட்டியானையில் போகும். பக்கத்து வீட்டு மச்சானும் கருவாடுதான், சேர்ந்தே போடலாம் என்கிறார். புதுக் கடைகளுக்குக் காட்ட மாதிரிப் பொட்டலம் மட்டும் காரில் வரும்.

ட்ரைபர் என்று முடிவு செய்திருக்கிறோம். காக்கா சொன்ன பலம் பெரிய விஷயம்தான், அதற்காக இன்னொரு தடவை ஆறு பேரையும் ஏற்றி, ஏசி போட்டு, ராமநாதபுரம் புறவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தால் போகிறது. ஆனால் இடம் பார்த்துத்தான் முந்தணும். அப்பா வண்டியில் இருக்கும்போது நான் அப்படித்தான் ஓட்டுவேன். விலையிலும் வரியிலும் மிஞ்சுகிற பணம் அவர் சிகிச்சைக்கு வேண்டும். எங்களுக்கு அதுதான் பெரிய காரணம். தெருவிலும் ஒரே திருப்பில் திரும்புகிறது. அப்பாவுக்கு நடு வரிசை இடது ஜன்னல், பெரியவன் பின்னால், வலது பின் சீட் பரணில்.

மண்டபம் பட்டறை:

நல்லது தம்பி. டெலிவரி எடுக்கும் அன்று பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நான்கு டயரிலும் தயாரித்த வாரமும் வருஷமும் நான்கு இலக்கமாக அச்சிட்டிருக்கும், பாருங்கள். பின் சீட் இரண்டையும் அங்கேயே ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கொக்கி இரண்டும் “டக்” என்று விழ வேண்டும்.

ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கும். வீட்டுக்கு வந்த வாரமே அதை ஒருமுறை இறக்கி, திருகு மரையில் கிரீஸ் தடவி ஏற்றுங்கள். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே செய்யணும். நம் பக்கத்தில் இதைச் செய்யாதவர்களுக்குப் பஞ்சர் ஆகிற அன்று அந்தத் திருகு இறுகிப்போய்க் கழலாது. தடவ வேண்டியது மரைன் கிரீஸ், படகுக்கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.